சைகடெலிக் ஃபோக்: ஒரு கிடாரும் ஒரு குரலும் இடத்தையும் நேரத்தையும் எப்படிக் கலைக்கின்றன?

யாரோ ஒருவர் முதன்முதலாக ஓர் ஆல்பம் வெளியிடுகிறார். கூடவே ஒற்றை வரி அறிமுகம் வருகிறது: ‘சுயாதீன சைகடெலிக் ஃபோக் கலைஞரின் முதல் ஆல்பம்.’ படிப்பவர்கள் புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அந்த வரியின் சொற்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நிறுத்தி அர்த்தம் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஃபோக் என்றால் நாட்டுப்புறப் பாட்டு. சைகடெலிக் என்றால் போதை. சுயாதீனம் என்றால் கையில் காசில்லை. முதல் ஆல்பம் என்றால் இன்னும் கை பழகவில்லை.

நான்குமே பாதி சரி, பாதி தப்பு. அதிலும் இரண்டாவது சொல்லுக்கு நேர்ந்திருக்கும் குழப்பம்தான் பெரிது. அதனால் மற்ற மூன்றையும் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, அதற்குக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப் போகிறேன். இசை இலக்கணம் எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஃபோக்: மின்சாரம் போனாலும் நிற்கும் பாட்டு

பாத்திரம் கழுவும்போது ஒருவர் தன்னையறியாமல் ஒரு பாட்டை முணுமுணுக்கிறார். பின்னணியில் வாத்தியம் இல்லை, மேடை இல்லை. ஆனாலும் அது முழுப் பாட்டாகவே இருக்கிறது. ஃபோக் என்பதன் அடிப்படை இதுதான்: எல்லாவற்றையும் உருவிப் போட்டாலும், ஒருவர் தனியாகப் பாடியே நிலைநிறுத்திவிடக்கூடிய பாட்டு.

பழைய அர்த்தத்தில் ஃபோக் என்றால் எழுதியவர் யார் என்று தெரியாமல் வாய்வழியாக வந்த பாட்டுகள். ஃபிரான்சிஸ் ஜேம்ஸ் சைல்டு என்ற அமெரிக்க அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேய, ஸ்காட்லாந்துக் கதைப்பாடல்களைத் தொகுத்தபோது 305 பாடல்களுக்கு எண் கொடுத்தார். இன்றும் பாடகர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் பாட்டை அடையாளம் காட்டுவார்கள். 1960-களில் இந்தச் சொல்லின் பொருள் கொஞ்சம் நகர்ந்தது. மின்கருவிகள் இல்லாமல், ஒரு சாதாரண மரக்கிடாரை வைத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டைப் பாடுகிறவரும் ஃபோக் பாடகர் ஆனார். நம் வரியில் இருக்கும் ஃபோக் இந்த இரண்டாவது வகை. ஆனால் முதல் வகையின் வாசனை அதில் நிறையவே இருக்கும்.

ஒரு சின்னக் குறிப்பு, பிறகு பயன்படும். பழைய பிரிட்டிஷ் ஃபோக் மெட்டுகள் பல, இன்று எல்லாரும் கேட்டுப் பழகிய மேஜர், மைனர் என்ற இரண்டு ஸ்வர வரிசைகளுக்குள் அடங்குவதில்லை. டோரியன், மிக்ஸோலிடியன் என்று வேறு வரிசைகளில் அமைந்திருக்கும். கர்நாடக இசை கேட்டவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை: டோரியன் நம் கரகரப்ரியா, மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. அதனால்தானோ என்னவோ, இந்தப் பாட்டுகள் முதல்முறை கேட்கும்போதே நமக்கு அவ்வளவு அந்நியமாகப் படுவதில்லை.

இதுவரை: ஃபோக் என்பது தனி ஆளாகப் பாடக்கூடிய, எலும்பு மட்டுமே உள்ள பாட்டு. இனி அந்த எலும்பின்மேல் என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

சைகடெலிக்: சொல் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது

சைகடெலிக் என்ற சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற மனநல மருத்துவர். பிரிட்டனைச் சேர்ந்த அவர் கனடாவில் வேலை பார்த்தார். மெஸ்கலின், எல்எஸ்டி போன்ற பொருட்கள் மனத்தில் என்ன செய்கின்றன என்பது அவருடைய ஆய்வு. 1956-ல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு எழுதிய கடிதத்தில், இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து இதை உண்டாக்கினார். ‘மனம்’ என்பது ஒன்று, ‘வெளிப்படுத்து’ என்பது மற்றொன்று. மனத்தைத் திறந்து காட்டுவது என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல் ராக் இசைக்கு முன்பே ஃபோக்குக்கு வந்துவிட்டது என்பது பலருக்குத் தெரியாது. நியூயார்க்கைச் சேர்ந்த ஹோலி மோடல் ரவுண்டர்ஸ் என்ற இருவர் குழு, 1964-ல் ஒரு பழைய ப்ளூஸ் பாட்டைப் பாடும்போது விளையாட்டாக இந்தச் சொல்லை நுழைத்தது. வெகுஜனப் பாட்டொன்றில் அது முதன்முதலாக வந்த இடம் என்று பொதுவாக அதைத்தான் சொல்வார்கள். ராக் குழுக்கள் ஆல்பத் தலைப்பிலேயே அதைப் போட்டுக்கொண்டது 1966 வாக்கில்தான்.

சரி, போதை விஷயம். அந்தக் காலத்து இசைக்கலைஞர்களில் பலர் இந்தப் பொருட்களைப் பயன்படுத்தினார்கள், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் பாடியவர் என்ன சாப்பிட்டார் என்பது டேப்பில் பதிவாகாது. சத்தம் மட்டும்தான் பதிவாகும். தெளிந்த மனத்தோடு காலை பத்து மணிக்கு ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்கிறவருக்கும் ‘எங்கே இருக்கிறேன், எவ்வளவு நேரமாயிற்று?’ என்ற லேசான தடுமாற்றம் வருகிறது என்றால், அந்த வேலையைச் செய்வது ஒலிதான்.

லிண்டா பெர்ஹாக்ஸ் இதற்கு நல்ல உதாரணம். கலிஃபோர்னியாவில் ஒரு பல் மருத்துவமனையில் பல் சுத்தம் செய்யும் பணியில் இருந்தவர். அங்கே சிகிச்சைக்கு வந்த திரைப்பட இசையமைப்பாளர் லெனர்ட் ரோசன்மன் அவருடைய பாட்டுகளைக் கேட்டு, தானே தயாரிப்பாளராக நின்று ஆல்பமாக்கினார். 1970-ல் வெளிவந்தது. தலைப்புப் பாடலில் ‘இணைகரங்கள்’ என்ற வடிவியல் சொல்லையே குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகும். நடுவில் பாட்டு கரைந்து வெறும் ஒலிப்பரப்பாகி, மறுபடி பாட்டாகத் திரண்டு வரும். தனக்கு இசை வடிவங்களாகத் தெரியும் என்று அவர் சொல்லியிருக்கிறார். பல் மருத்துவமனை வேலையைத் தொடர்ந்துகொண்டே செய்த ஆல்பம் அது.

ஆக, என் விளக்கம் இது: ஃபோக் பாட்டின் எளிய எலும்புக்கூட்டை அப்படியே வைத்துக்கொண்டு, கேட்பவரின் நேர உணர்வையும் இட உணர்வையும் தளரவிடுவதுதான் சைகடெலிக் ஃபோக். சித்தார் ஒலித்தால் சைகடெலிக், பூப்போட்ட சட்டை போட்டால் சைகடெலிக் என்பதெல்லாம் மேல்பூச்சு.

நேரம் எப்படிக் கலைகிறது

ரயிலில் போகிறீர்கள். நிலையங்கள் ஒவ்வொன்றாகக் கடக்கின்றன. ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே எவ்வளவு தூரம் வந்தோம் என்று கணக்கு வைத்துக்கொள்ள முடிகிறது. இப்போது நடுக்கடலில் ஒரு படகை நினைத்துக்கொள்ளுங்கள். படகு நகர்கிறது, ஆனால் கரை தெரியவில்லை. பத்து நிமிடமா, அரை மணியா?

வழக்கமான மேற்கத்தியப் பாட்டு ரயில் மாதிரி. அதன் நிலையங்களின் பெயர் கார்ட். பல ஸ்வரங்கள் சேர்ந்து ஒரே சமயத்தில் ஒலிக்கும் கொத்து அது. பாட்டு ஒரு கார்டில் தொடங்கி, அங்கிருந்து விலகி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வரும். இந்தப் போக்குவரத்தைக் காது முன்கூட்டியே எதிர்பார்க்கிறது. எதிர்பார்த்தது நடந்ததும் ‘ஒரு சுற்று முடிந்தது’ என்று மனத்தில் ஒரு கோடு விழுகிறது. நேரம் போவது தெரிவதே இப்படி விழும் கோடுகளால்தான்.

சைகடெலிக் ஃபோக் அந்தக் கோடுகளை அழிக்கிறது. அதற்கு வைத்திருக்கும் முதல் ஆயுதம் நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான்: சுருதி. மாறாமல் அடியில் ஒலித்துக்கொண்டே இருக்கும் ஒற்றை ஸ்வரம். தம்புரா செய்கிற வேலை. அடியில் சுருதி விடாமல் நிற்கும்போது மெட்டு எங்கே அலைந்தாலும் வீட்டை விட்டு வெளியே போனதாகவே ஆகாது. போகாதவர் எப்படித் திரும்பி வருவார்? சுற்று முடிந்தது என்ற உணர்வே எழாமல் போகிறது. முன்னே சொன்ன கரகரப்ரியா, அரிகாம்போதி மெட்டுகள் இங்கேதான் கைகொடுக்கின்றன. அவை கார்டு மாற்றத்தை நம்பி வளர்ந்தவை இல்லை. ஒரே சுருதியின்மேல் சுகமாக உட்கார்ந்துகொள்ளும்.

ஒரே ஒரு கிடாரை வைத்துக்கொண்டு சுருதிக்கு எங்கே போவது? கம்பிகளை வேறு மாதிரி முறுக்கிக்கொள்வார்கள். கிடாரின் ஆறு கம்பிகளும் வழக்கமாக இ-ஏ-டி-ஜி-பி-இ என்று சேர்க்கப்பட்டிருக்கும். டேவி கிரஹாம் என்ற ஆங்கிலேயக் கிடார் கலைஞர் 1960-களின் தொடக்கத்தில் மொராக்கோ போய்வந்தார். அங்கே ஊத் என்ற வாத்தியம் வாசிப்பவர்களோடு சேர்ந்து வாசிக்க, கம்பிகளை டி-ஏ-டி-ஜி-ஏ-டி என்று மாற்றிச் சேர்த்தார். ஆறு கம்பியில் மூன்று டி, இரண்டு ஏ. விரல் வைக்காத கம்பிகளெல்லாம் தாமாகவே சுருதியாக முழங்கிக்கொண்டிருக்க, மிச்சக் கம்பிகளில் மெட்டு போகும். ஒரே கிடாரில் தம்புராவும் வீணையும் கிடைத்த மாதிரி. அப்புறம் பிரிட்டிஷ் ஃபோக் உலகம் முழுக்க இது பரவிவிட்டது.

சுருக்கமாக: பாட்டு சுற்றிவந்து முடிவதை நாம் எண்ணிக்கொண்டிருப்போம். சுருதி அந்த எண்ணிக்கையைத் தப்பவைக்கிறது.

இடம் எப்படிக் கலைகிறது

கண்ணை மூடிக்கொண்டு குளியலறையில் ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். அடுத்து ஆளில்லாத பெரிய கூடத்தில் தட்டுங்கள். தட்டியது அதே கைதான். ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்று கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிடும்.

இதற்குக் காரணம், ஒலி நம்மிடம் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று நேராக. மற்றொன்று சுவரில் பட்டுத் திரும்பி, கொஞ்சம் தாமதமாக. ஒலி ஒரு நொடியில் சுமார் 340 மீட்டர் போகும். சுவர் 17 மீட்டர் தள்ளி இருந்தால், போய்வர 34 மீட்டர். அதாவது நொடியில் பத்தில் ஒரு பங்கு. இந்த நுணுக்கமான தாமதங்களை வைத்து மூளை அறையின் அளவைக் கணக்குப் போட்டுவிடுகிறது. எல்லாப் பக்கமும் பட்டுத் திரும்பும் ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றாகக் குழைந்து ஒரு கார்வையாகக் கேட்பதற்கு ரிவெர்ப் என்று பெயர்.

ஸ்டுடியோவில் ரிவெர்ப்பைப் பொய்யாகவும் உண்டாக்கலாம். 1957-ல் ஜெர்மனியில் வந்த இஎம்டி 140 என்ற கருவி, உள்ளே ஒரு பெரிய மெல்லிய எஃகுத் தகட்டைத் தொங்கவிட்டிருக்கும். பாட்டை அந்தத் தகட்டுக்குள் அனுப்பி அதிரவைத்து, அந்த அதிர்வைத் திரும்ப எடுத்தால் பெரிய மண்டபத்தில் பாடியதுபோல் இருக்கும். இன்று அதே வேலையை மென்பொருள் செய்கிறது.

இதில் குறும்பு எங்கே என்றால், ஒவ்வொரு ஒலிக்கும் வேறு வேறு அறையைக் கொடுக்கலாம். குரலை மைக்குக்கு மிக அருகில், எதிரொலியே இல்லாமல் பதிவு செய்கிறார்கள். பாடுபவர் உங்கள் காதோரம் வாயை வைத்திருப்பது போல் ஆகிறது. கிடாருக்கு ஒரு தேவாலய அளவு ரிவெர்ப். புல்லாங்குழல் எங்கோ பள்ளத்தாக்கில் கேட்கிறது. இப்போது மூளைக்குச் சிக்கல். காதோரம் இருப்பவரும் தேவாலயத்தில் இருக்கும் கிடாரும் ஒரே ஆள் என்கிறது பாட்டு. அப்படி ஓர் அறை உலகத்தில் கிடையாது. இந்த முரணைத்தான் நாம் ‘கனவு மாதிரி இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம்.

டேப் என்கிற மூன்றாவது கை

மேலே சொன்ன இரண்டையும் ஒரே சமயத்தில் செய்யக்கூடியது காந்த டேப். நேரம் என்பது அதில் கையால் தொடக்கூடிய நீளம். நொடிக்கு இத்தனை சென்டிமீட்டர் என்று ஓடும் நாடா, அவ்வளவுதான். நீளமானால் வெட்டலாம், ஒட்டலாம், மெதுவாக ஓட்டலாம், திருப்பிப் போடலாம்.

திருப்பிப் போடுவதை மட்டும் எடுத்துக்கொள்வோம். கிடார் கம்பியை மீட்டினால் ஒலி பளிச்சென்று பிறந்து, மெல்ல மெல்லத் தேயும். மீட்டப்படும் கம்பி எதுவானாலும் இப்படித்தான். டேப்பைத் தலைகீழாக ஓட்டினால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து ஒலி மெல்லப் பெருகி, உச்சத்தில் வெடுக்கென்று அறுந்துவிடும். கம்பியின் ஒலிதான் அது என்று காதுக்குத் தெரியும். எந்தக் கம்பியும் இப்படி நடந்துகொள்ளாது என்பதும் தெரியும். விளக்கம் தேவைப்படாத ஒரு விசித்திரம்.

எதிரொலியையும் டேப்பே உண்டாக்கும். ஒலியைப் பதிக்கும் முனையும் படிக்கும் முனையும் டேப் கருவியில் அடுத்தடுத்து இருக்கும். நாடா நொடிக்கு 19 சென்டிமீட்டர் ஓட, இடைவெளி 4 சென்டிமீட்டர் என்றால், பதிந்தது சுமார் 0.2 நொடி கழித்துத் திரும்பக் கேட்கும். அதை மறுபடி பதிய விட்டால் எதிரொலிக்கு எதிரொலி. ஒவ்வொரு சுற்றிலும் ஒலி கொஞ்சம் மங்கும். ஒரு ஜெராக்ஸை மறுபடி ஜெராக்ஸ் எடுப்பதுபோல. அந்த மங்கல்தான் அழகு என்பது என் கட்சி. கணினியில் துல்லியமாகச் செய்த எதிரொலியைவிட, இந்தத் தேய்ந்த எதிரொலியில்தான் தூரம் தெரிகிறது.

ஆக மொத்தம்: சுருதி நேரத்தைத் தளர்த்துகிறது, பொருந்தாத ரிவெர்ப் இடத்தைத் தளர்த்துகிறது, டேப் இரண்டையும் கலக்கிவிடுகிறது. கருவிகள் மாறலாம், இந்தக் கணக்கு மாறுவதில்லை.

ஓராண்டு இடைவெளியில் ஒரு குழு

இவ்வளவையும் காதால் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் உருவான இன்க்ரெடிபிள் ஸ்ட்ரிங் பேண்ட் குழுவின் முதல் இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். 1966-ல் வந்த முதல் ஆல்பம் அநேகமாக நேரான ஃபோக்: கிடார், பாஞ்சோ, ஃபிடில், குரல். யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள், நாம் எதிரே இருக்கிறோம்.

அதன் பிறகு குழு கலைந்தது. குழுவில் இருந்த ராபின் வில்லியம்சன் மொராக்கோ போனார். பணம் தீர்ந்ததும் அங்கத்திய வாத்தியங்களோடு திரும்பி வந்தார். அவரும் குழுவின் இன்னொருவரான மைக் ஹெரனும் சேர்ந்து 1967-ல் செய்த இரண்டாவது ஆல்பத்தில் ஊத், கிம்ப்ரி, சித்தார், தம்புரா எல்லாம் உண்டு. ஆனால் கவனிக்க வேண்டியது வாத்தியப் பட்டியலை அல்ல. பாட்டுகளின் நடையே மாறிவிட்டது. ஒரு பாட்டின் நடுவில் வேகம் மாறும், மெட்டு மாறும், பேசுகிற ஆள் மாறுவார். ஒரு முள்ளெலி வந்து உபதேசம் செய்யும். ‘ஊருக்குப் போனான், கத்தியை எடுத்தான், குத்தினான்’ என்று வரிசையாகக் கதை சொன்ன பழைய கதைப்பாடலின் காலவரிசை வார்த்தைகளிலும் உடைகிறது.

சுயாதீனம்: டேப் யாருடையது?

இதை விரைவாக முடித்துவிடலாம். ஒரு பதிவுக்கு இரண்டு உரிமைகள் உண்டு. பாட்டை எழுதியதற்கான உரிமை ஒன்று. பதிவு செய்த அந்தக் குறிப்பிட்ட ஒலிக்கான உரிமை இன்னொன்று. அந்த மூலப்பதிவை மாஸ்டர் என்பார்கள். பெரிய லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், முன்பணம் கொடுத்துப் பெரும்பாலும் மாஸ்டரைத் தன் வசம் வைத்துக்கொள்ளும். சுயாதீனக் கலைஞர் அதைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறார், அல்லது பெரிய நிறுவனங்களுக்குக் கட்டுப்படாத ஒரு சிறு லேபிளோடு பங்கு பேசிக்கொள்கிறார். வாடகை வீடா சொந்த வீடா என்பது போலத்தான். சொந்த வீடு என்பதால் அது சின்ன வீடாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

இந்த வகை இசையில் ஒரு வேடிக்கை உண்டு. இன்று முன்னோடிகளாகப் போற்றப்படும் ஆல்பங்களில் பல, பெரிய நிறுவனங்கள் வெளியிட்டு, விற்காமல், கைவிட்டவை. ஸ்கிப் ஸ்பென்ஸ் என்ற ராக் இசைக்கலைஞர் 1968 டிசம்பரில் நாஷ்வில் ஸ்டுடியோவில் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து முடித்த தனி ஆல்பத்துக்கும் அதே கதிதான். அவற்றைத் தேடி எடுத்து மறுபதிப்புச் செய்தவை பெரும்பாலும் சிறு லேபிள்கள்.

வீட்டிலேயே பதிவு செய்யும் வசதி பிறகு வந்தது. 1979-ல் டாஸ்காம் நிறுவனம் போர்ட்டாஸ்டுடியோ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சாதாரண கேசட்டில் நான்கு தனித்தனித் தடங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதியலாம். ஒரே ஆள் படுக்கையறையில் உட்கார்ந்து தனக்குத்தானே குழுவாகிவிட முடிந்தது. டெவேந்திரா பன்ஹார்ட் என்ற அமெரிக்கப் பாடகரைப் பரவலாக அறிமுகப்படுத்திய ஆல்பத்தின் பாட்டுகள் இப்படிப்பட்ட பழைய நான்கு தடக் கருவிகளில் பதிந்தவை. யங் காட் என்ற சிறு லேபிள் 2002-ல் அவற்றை இரைச்சலைச் சுத்தம் செய்யாமல் அப்படியே வெளியிட்டது. அந்தக் கேசட் இரைச்சலும் ஓர் அறைதான். பாட்டு எங்கிருந்து வருகிறது என்று அதுவும் ஒரு பொய் சொல்கிறது.

முதல் ஆல்பம் ஏன் தனி ரகம்

இரண்டாவது ஆல்பத்தை ஒருவர் இரண்டு வருடத்தில் எழுதுவார். முதல் ஆல்பத்துக்கு அதுவரை வாழ்ந்த வருடங்கள் முழுவதும் கையில் இருக்கும். பதினேழு வயதில் எழுதிய பாட்டும் போன மாதம் எழுதியதும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். அதனால் முதல் ஆல்பங்கள் கொஞ்சம் ஒழுங்கில்லாமல் இருக்கும். இந்த இசைக்கு அது பாதகம் இல்லை, சொல்லப்போனால் தோதுதான்.

வஷ்டி பன்யன் என்ற ஆங்கிலேயப் பாடகி 1968-ல் ஒரு குதிரை வண்டியில் லண்டனிலிருந்து ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளை நோக்கிக் கிளம்பினார். வழியெல்லாம் பாட்டு எழுதினார். அவற்றை ஜோ பாய்ட் தயாரிப்பில் லண்டனில் பதிவு செய்து 1970-ல் வெளிவந்த முதல் ஆல்பம் விற்கவே இல்லை. அவர் பாடுவதையே விட்டுவிட்டார். 2000-ல் மறுபதிப்பு வந்தபோதுதான் புதிய தலைமுறை அதைக் கண்டுபிடித்தது. இந்த ஆல்பத்தில் தலைகீழ் டேப் கிடையாது. சுழன்று சுழன்று வரும் சிறு மெட்டு, தாலாட்டை விட மெல்லிய குரல், குதிரையின் நடை வேகம். நேரத்தைத் தளர்த்த அவ்வளவே போதும் என்று காட்டிய ஆல்பம் அது.

ஆகவே அடுத்த முறை அப்படி ஒரு முதல் ஆல்பம் கையில் கிடைத்தால், ஹெட்ஃபோனில், வரிசை மாற்றாமல், முழுதாக ஒருமுறை கேளுங்கள். முதல் கேள்வி: இந்தப் பாட்டைக் கிடார் மட்டும் வைத்துப் பாடினால் நிற்குமா? நிற்காவிட்டால் ஃபோக் பாதி பலவீனம். இரண்டாவது: குரல் எந்த அறையில் இருக்கிறது, கிடார் எந்த அறையில்? மூன்றாவது கேள்விக்குக் கடிகாரம் வேண்டும். நடுவில் ஏதாவது ஒரு பாட்டு முடிந்ததும், அது எத்தனை நிமிடம் ஓடியது என்று மனத்துக்குள் ஒரு எண் சொல்லிவிட்டு, பிறகு திரையில் பாருங்கள்.

பன்யனின் இரண்டாவது ஆல்பம் 2005-ல் வந்தது. பெர்ஹாக்ஸின் இரண்டாவது ஆல்பம் 2014-ல்.